படியும் கழிப்பறையும் அடுப்படியும்: உடல் இயலாமையோடு வாழும் நம் வயதான பெண்களுக்கு டர்பன் வீடுகளில் என்ன செய்யலாம்?

மலைமேடு (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம். தென்னாப்பிரிக்காவில் டர்பனைச் சுற்றி நம்மவர் வாழும் சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ், வெருலம் பக்கத்து வீடுகளை மனதில் வைத்து இந்த இழையைத் தொடங்குகிறேன். பக்கவாதம் வந்தவர், சர்க்கரையால் ஒரு காலை இழந்தவர், முடக்குவாதத்தில் விரல்கள் கோணிப்போனவர், சின்ன வயதில் போலியோ வந்து இப்போது எழுபதைத் தாண்டியவர் என்று நம் தெருக்களில் வீட்டுக்குள்ளேயே நாளைக் கழிக்கும் அம்மாக்களும் ஆயாக்களும் ஏராளம். குடும்பத்தார் முதலில் கேட்பது "என்ன வாங்கணும்?" என்றுதான். நாற்காலி, மெத்தை, டயப்பர் என்று பட்டியல் போடுகிறார்கள். அந்த அம்மா காலையில் எப்போது எழ வேண்டும், எப்போது குளிக்க வேண்டும், யாரைப் பார்க்க வேண்டும் என்பதை யார் முடிவு செய்கிறார் என்று கேட்பவர் குறைவு.

உலக சுகாதார நிறுவனம் முதியோரின் வாழ்க்கைத்தரத்தை அளக்க 24 கேள்விகள் கொண்ட தனி வினாத்தாள் ஒன்று வைத்திருக்கிறது. அதில் 6 பிரிவுகள்: கண், காது முதலான புலன்கள், தன் விஷயத்தைத் தானே முடிவு செய்வது, நேற்று, இன்று, நாளை பற்றிய நிறைவு, நாலு பேரோடு கலந்திருப்பது, மரணத்தைப் பற்றிய எண்ணம், நெருக்கமான உறவு. நாம் வாங்கிக் குவிக்கும் சாமான்கள் இந்த ஆறில் எதற்கு உதவுகின்றன என்று பார்த்தால்தான் அவற்றுக்கு மதிப்பு.

தெரிந்தவர்கள் எழுதுங்கள். சொந்தக் கதை வேண்டாம். அளவு, முறை, எங்கே தவறுகிறது, ஏன் தவறுகிறது என்பது வேண்டும்.

இயன்முறைக் கை

கழிப்பறையிலிருந்து தொடங்குகிறேன். மற்ற எல்லாம் அங்கிருந்துதான் கிளம்புகிறது.

நடக்க முடியாத வயதான பெண் முதலில் நிறுத்துவது தண்ணீரை. பகலில் வீட்டில் மகன் மட்டும் இருப்பான்; மகனைக் கூப்பிட்டுக் கழிப்பறைக்குப் போக எந்தத் தாய்க்கும் மனம் வராது. மருமகளோ பேத்தியோ வேலை முடிந்து வரும்வரை அடக்கிக்கொள்வார். அடக்க வேண்டியிருப்பதால் காலை டீயோடு சரி, அப்புறம் குடிப்பதில்லை. குறைவாகக் குடித்தால் சிறுநீர் கெட்டியாகிச் சிறுநீர்ப்பையை எரிக்கும். அவசரம் குறையாது, கூடும். மலச்சிக்கல் வரும், இறுகிய மலம் பையை அழுத்தும், மறுபடி அவசரம். சிறுநீர்த் தொற்று, தலைச்சுற்றல், அவசரமாக எழுந்து விழுவது, இடுப்பு எலும்பு முறிவு. மாதவிடாய் நின்ற பிறகு பெண்களுக்கு எலும்பு மெலிவதால் அந்த விழுதல் ஆண்களைவிட இவர்களுக்குக் கொடுமையானது.

"அம்மா ரொம்ப சமத்து, ஒரு நாளைக்கு ரெண்டு தடவைதான் போறாங்க" என்று யாராவது சொன்னால் அதைப் பாராட்டாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

செய்ய வேண்டியது: இதயம், சிறுநீரகம் காரணமாக மருத்துவர் அளவு வைத்திருந்தால் அந்த அளவுதான். இல்லையென்றால் நாளைக்கு 1.5 லிட்டர். அதில் முக்கால்வாசி மதியம் 3 மணிக்குள் போய்விட வேண்டும், மாலை 6-க்குப் பிறகு ஒரு சின்னக் கோப்பை போதும். நீர் பிரியும் மாத்திரை இருந்தால் அது காலையில். மாலைக்குத் தள்ளினால் இரவு முழுக்க எழ வேண்டியிருக்கும். வேளை மாற்றுவதை மருந்து கொடுத்தவரிடம் கேட்டுச் செய்யுங்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை, அவசரம் வருவதற்கு முன்பே போய் உட்கார வேண்டும். காலை உணவு முடிந்து 20 முதல் 30 நிமிடத்தில் குடல் தானே அசையும். மலத்துக்கு அந்த நேரத்தை விடக் கூடாது. அந்த வேளையில் பள்ளிக்கூடப் பரபரப்பில் அவரைக் காக்க வைத்தால் அன்றைய நாள் போயிற்று.

உதவிக்கு வரும் பெண் மூன்று மணி நேரம்தான் இருப்பார் என்றால், அந்த மூன்று மணி நேரத்தைக் குளியலுக்கும் துணி துவைக்கவும் வைக்காமல், கழிப்பறை வேளைகளுக்கு ஏற்றபடி காலை ஒன்றரை, பிற்பகல் ஒன்றரை என்று உடைத்துக் கேட்டுப் பாருங்கள். முடியவில்லை என்றால் தானாகப் போகும் வழியைக் கட்டுவதுதான் மிச்சம். அதைத் தச்சு வேலைக்காரர் சொல்லட்டும்.

தச்சுப்பட்டறை

சொல்கிறேன்.

முதலில் கதவு. சக்கர நாற்காலி நுழையக் குறைந்தது 75 செ.மீ. திறப்பு வேண்டும். நகராட்சி கட்டிய பழைய கவுன்சில் வீடுகளில் கழிப்பறைக் கதவு பெரும்பாலும் அதற்குக் குறைவு. சுவரை உடைக்கும் முன் மூன்று வழி பாருங்கள். கதவின் கீலை விலகுகீலாக மாற்றினால் கதவுப் பலகையின் கனம் திறப்பிலிருந்து விலகி 3 முதல் 4 செ.மீ. கிடைக்கும். கதவை வெளிப்பக்கம் திறக்கும்படி திருப்பி மாட்டலாம். உள்ளே விழுந்து கதவுக்குக் குறுக்கே கிடந்தாலும் திறக்க முடியும், அதனால் நாற்காலி இல்லாதவர் வீட்டிலும் இதைச் செய்யுங்கள். மூன்றாவது, கதவை எடுத்துவிட்டுக் கனமான திரை. திரை போட்டால் மானம் போகிறது என்று அந்த அம்மா சொன்னால் திரை வேண்டாம். அவர் சொல்வதுதான் கணக்கு.

அடுத்தது உட்காரும் உயரம். சாதாரணக் கழிப்பறைப் பீங்கான் 40 செ.மீ. பக்கம் இருக்கும். முட்டி பலமில்லாதவருக்கு அது பள்ளம். சக்கர நாற்காலிக்காரருக்கான கழிப்பறையில் 48 முதல் 50 செ.மீ. வைப்பார்கள், ஏனென்றால் நாற்காலியின் உயரமும் அதுதான். நடப்பவருக்கு அதை அப்படியே எடுக்காதீர்கள். அவர் முட்டிக்குப் பின்னால் உள்ள மடிப்பிலிருந்து தரைவரை அளந்து, அதைவிட 3 முதல் 5 செ.மீ. கூட வையுங்கள். நம் ஆயாக்கள் பலர் குட்டை, 50 செ.மீ. வைத்தால் கால் தொங்கும், முக்க முடியாது, இறங்கும்போது வழுக்கும்.

கைப்பிடி: 32 முதல் 38 மி.மீ. கனமுள்ள உருண்டைக் குழாய். சுவருக்கும் குழாய்க்கும் நடுவே 60 மி.மீ. இடைவெளி. துண்டு போடும் கம்பி கைப்பிடி ஆகாது. முழு உடம்பும் தொங்கினால் திருகோடு வந்துவிடும். உறிஞ்சிப் பிடிக்கும் ரப்பர்க் கைப்பிடியைக் குளியலறையில் நம்பவே நம்பாதீர்கள். டைல் ஈரமானால், சோப்பு படிந்தால், டைல் இணைப்பின் மேல் ஒட்டியிருந்தால், சொல்லாமல் கொள்ளாமல் விடும்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். திருட்டுக்குப் பயந்து எல்லா வாசலிலும் இரும்பு கேட் போட்டிருக்கிறோம். கேட்டின் சட்டம் கதவுத் திறப்பில் 5 முதல் 8 செ.மீ. தின்றுவிடுகிறது. பூட்டு நிற்பவர் கைக்கு எட்டும் உயரத்தில். சாவி சமையலறை ஆணியில். வீட்டில் தனியாக இருக்கும் அம்மாவுக்கு அடுப்பில் தீ பிடித்தால் வெளியே வர வழி இல்லை. பூட்டைத் தரையிலிருந்து 90 முதல் 100 செ.மீ. உயரத்துக்கு இறக்குங்கள், ஒரு சாவி அவர் கழுத்திலோ நாற்காலியிலோ இருக்கட்டும்.

மலைமேடு

தெருவிலிருந்து வாசலுக்கு 5 படி, சில வீட்டில் 15. எல்லோரும் சரிவுப்பாதை கட்டச் சொல்கிறார்கள். நடக்குமா?

தச்சுப்பட்டறை

கணக்குப் போட்டுப் பாருங்கள். கட்டட விதி சொல்லும் சரிவு 1-க்கு 12. 17 செ.மீ. உயரமுள்ள ஒரு படிக்கு 2 மீட்டருக்குக் கொஞ்சம் அதிகம். ஐந்து படி 85 செ.மீ.; அதற்கு 10.2 மீட்டர் சரிவு, மேலே வாசல் முன்னால் 1.2 மீட்டராவது சமதளம். அந்தச் சமதளம் இல்லாமல் கட்டினால், கேட்டைத் திறக்க ஒரு கையை எடுக்கும்போது நாற்காலி பின்னால் உருளும். மலைச்சரிவில் உள்ள நம் மனைகளில் 10 மீட்டர் எங்கே இருக்கிறது? பாதி வீடுகளில் "இடத்துக்கு ஏற்ற மாதிரி" என்று 1-க்கு 5-ல் சிமெண்டைக் கொட்டிவிடுகிறார்கள். அதில் தள்ளுபவரும் ஏற முடியாது, மழையில் நடப்பவரும் வழுக்குவார். அப்படிக் கட்டுவதைவிடக் கட்டாமல் இருப்பது மேல்.

கொஞ்சமாவது நடப்பவருக்கு அரைப்படி கட்டலாம். 17 செ.மீ. படியை 8.5 ஆக இரண்டாக்குவது. நடைச்சட்டம் வைத்திருப்பவர் என்றால் ஒவ்வொரு அரைப்படியும் குறைந்தது 70 செ.மீ. ஆழம் வேண்டும், சட்டத்தின் நான்கு காலும் அவர் இரண்டு காலும் ஒரே தளத்தில் நிற்க வேண்டும். இரண்டு பக்கமும் கைப்பிடி, கடைசிப் படியைத் தாண்டி 30 செ.மீ. நீள வேண்டும். படி விளிம்பில் மஞ்சள் கோடு. கண்புரை உள்ளவருக்குச் சாம்பல் நிறச் சிமெண்டில் விளிம்பு தெரியாது.

இயன்முறைக் கை

அரைப்படி விஷயத்தில் எனக்கு முழு உடன்பாடு இல்லை. பக்கவாதம் வந்தவருக்கு ஒரு பக்கம்தான் பிடிக்க முடியும். இறங்கும்போது கைப்பிடி நல்ல கைப்பக்கம் வருகிறதா, ஏறும்போதும் வருகிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். 5 படியை 10 அரைப்படி ஆக்கினால் 10 தடவை எடை மாற்ற வேண்டும். போலியோ வந்து பல ஆண்டு கழித்துத் தசை மறுபடி தளர்பவருக்கு அது சோர்வைத்தான் கூட்டும். அவர்களுக்கு "பயிற்சி செய்யச் செய்யப் பலம் வரும்" என்ற பேச்சு பொருந்தாது. களைப்பு வருமுன் நிறுத்துவதுதான் அவர்களுக்கு வைத்தியம்.

படி ஏறுவது எப்படி என்று வீட்டில் எல்லோருக்கும் தெரிய வேண்டும்: ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது சுகமில்லாத கால் முதலில். ஊன்றுகோல் நல்ல கையில். கோலின் உயரம், கை தொங்கவிட்டு நிற்கும்போது மணிக்கட்டு மடிப்புக்குச் சமமாக. பிடித்துவிடுபவர் இறங்கும்போது ஒரு படி கீழே, ஏறும்போது ஒரு படி பின்னால். அக்குளில் கை கொடுத்துத் தூக்கவே கூடாது. பக்கவாதப் பக்கத்துத் தோள் மூட்டைத் தசை பிடித்து வைத்திருப்பதில்லை. ஒரு இழுப்பில் நழுவும், அந்த வலி மாதக்கணக்கில் நிற்கும். இடுப்பில் அகலமான பெல்ட் கட்டி அதைப் பிடியுங்கள்.

மாடி வீட்டில் படுக்கை மேலேயும் கூடம் கீழேயும் இருந்தால், படுக்கையைக் கீழே இறக்குவதுதான் சரி. ஆனால் கூடத்தின் நடுவில் கட்டிலைப் போட்டு, வருகிற போகிறவர் எல்லாம் பார்க்கும்படி வைத்துவிடுகிறார்கள். அந்த அம்மாவுக்கு உடை மாற்ற ஒரு மறைவு இல்லை. கூரைத் தண்டவாளத்தில் தரைவரை வரும் இரட்டைத் திரை, அதற்குள் அவருக்கென்று ஒரு விளக்குச் சுவிட்ச். சின்னச் செலவு.

சக்கரம்

சக்கர நாற்காலியைப் பற்றி. "ஒருத்தர் கொடுத்தாங்க, வச்சிருக்கோம்" என்பதுதான் பெரும்பாலான வீடுகளில் உள்ள நாற்காலியின் வரலாறு. அது மருத்துவமனை வராண்டாவில் தள்ளுவதற்குச் செய்த மடக்கு நாற்காலி. 16 முதல் 20 கிலோ. இருக்கை தொட்டில் மாதிரி தொய்ந்திருக்கும். அதில் நாளுக்கு எட்டு மணி நேரம் உட்கார்ந்தால் இடுப்பு ஒரு பக்கம் சாயும், புண் வரும்.

இருக்கை அகலம்: உட்கார்ந்த நிலையில் இடுப்பின் அகலத்தோடு 2.5 முதல் 5 செ.மீ. அகலம் கூடினால் கை சக்கரத்துக்கு எட்டாது, கதவிலும் நுழையாது. ஆழம்: முட்டி மடிப்புக்கும் இருக்கை விளிம்புக்கும் இடையில் 3 முதல் 5 செ.மீ. விட வேண்டும். ஆழம் அதிகமானால் விளிம்பு குத்தும், அதைத் தவிர்க்க அவர் முன்னால் நழுவி வளைந்து உட்காருவார். குட்டையான அம்மாக்களிடம் இதை நிறையப் பார்க்கலாம். கால்பலகை சரியான உயரத்தில் இருந்தால் தொடை முழுதும் மெத்தையில் படும்.

பிரேக். நாற்காலியிலிருந்து மாறும்போது விழுவதற்கு ஒரு காரணம் காற்றில்லாத டயர். கைப்பிரேக் டயரை அழுத்தித்தான் நிறுத்துகிறது. டயர் தளர்ந்தால் நெம்புகோல் முழுக்கப் பூட்டினாலும் சக்கரம் நகரும். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை காற்று. பிரேக் போட்டு நாற்காலியைத் தள்ளிப் பாருங்கள். நகர்ந்தால் அன்று மாறக் கூடாது. முன் சக்கர அச்சில் முடியும் சேலை நூலும் சுற்றிக்கொள்ளும், மாதம் ஒரு முறை கத்தரித்து எடுங்கள்.

காலை எடுத்தவருக்குத் தனிக் கவனம். முன்னால் இருந்த எடை போய்விட்டதால் நாற்காலி பின்னால் கவிழும். பின் அச்சைப் பின்னுக்குத் தள்ளி மாட்ட வேண்டும், பின்னால் கவிழாமல் தடுக்கும் சிறு சக்கரங்களையும் போட வேண்டும். முட்டிக்குக் கீழே எடுத்திருந்தால் மிச்சக் காலை நீட்டி வைக்க ஒரு பலகை. முட்டிக்கு அடியில் தலையணை வைக்காதீர்கள். சுகமாகத்தான் இருக்கும், ஆனால் முட்டி மடங்கியபடியே இறுகிவிடும்; பிறகு செயற்கைக் கால் பொருந்தாது. முடிந்தால் நாளுக்கு இரண்டு மூன்று முறை 20 நிமிடம் குப்புறப் படுக்க வேண்டும்.

அரசு மருத்துவமனையின் தொழில்வழி சிகிச்சை (ஆக்குபேஷனல் தெரபி) பிரிவில் அளந்து தரும் நாற்காலியே வேண்டும். காத்திருக்க நேரிடும். பெயரைப் பதிந்து, பதிந்த தேதியை எழுதிக் கேட்டு வாங்குங்கள்.

அடுப்படி

நம் பெண்களுக்கு அடுப்படி போனால் எல்லாம் போன மாதிரி. மிளகாய்த்தூள் யார் கலக்கிறார், ஊறுகாய் எந்த மாதம் போடுகிறார் என்பதில்தான் வீட்டில் அவருக்கு இருந்த இடம் இருக்கிறது.

உட்கார்ந்து வேலை செய்ய மேடை 75 முதல் 80 செ.மீ. உயரம், கீழே முட்டி நுழைய 70 செ.மீ. காலி இடம். சமையலறையை மாற்ற வேண்டாம். அந்த உயரத்தில் ஒரு கெட்டியான மேசை போதும். ஒரு கையால் நறுக்க: மரப்பலகையில் துருப்பிடிக்காத இரண்டு ஆணியைக் கீழிருந்து மேலே அடித்து, அதில் வெங்காயத்தையோ உருளைக்கிழங்கையோ குத்தி நிறுத்தி நறுக்கலாம். பலகையின் ஒரு மூலையில் இரண்டு பக்கமும் சின்ன விளிம்பு வைத்தால் ரொட்டித் துண்டு நகராமல் வெண்ணெய் தடவலாம். பலகைக்கு அடியில் ஈரத்துணி. வேலை முடிந்ததும் ஆணிகளுக்கு ஒரு தக்கையைக் குத்தி வையுங்கள்.

சாதமோ பீன்ஸோ வேகவைக்க, பானைக்குள் கம்பிக் கூடை. வெந்ததும் கூடையை மட்டும் தூக்கலாம், கொதிநீரோடு பானையைக் கவிழ்க்க வேண்டியதில்லை. அடுப்புக்கும் மேசைக்கும் இடையில் பானையைத் தூக்காமல் நகர்த்தும்படி ஒரே உயரம். ரொட்டிக்கு உருட்டுக்கட்டை ஒரு கையில் சரிப்படாது, அழுத்தும் கருவி வேண்டும். மாவு பிசைவதற்கு அகலமான எஃகுப் பாத்திரத்தை இழுப்பறையில் செருகி, இழுப்பறையை இடுப்பால் அழுத்தினால் பாத்திரம் சுற்றாது.

சர்க்கரை முற்றிக் கைகால் உணர்ச்சி குறைந்தவர் சூட்டைக் கையால் பார்க்கக் கூடாது. முழங்கையால் பார்க்கலாம். மடியில் சூடான பாத்திரத்தை வைத்துக்கொண்டு நாற்காலியை உருட்டவே கூடாது. தொடை சுட்டது தெரியாது. மடியில் வைக்கும் மரத்தட்டு, நாலு பக்கமும் விளிம்போடு.

வெள்ளிமணி

எல்லாம் சரி. ஆனால் எழுபது வயதுவரை உழைத்த அம்மாவை ஆணி அடித்த பலகையில் வெங்காயம் நறுக்கச் சொல்வதா? பெற்றவளை உட்கார வைத்துச் சோறு போடுவதுதானே பிள்ளைகளுக்கு அழகு?

அடுப்படி

வெள்ளிமணி அக்கா, நறுக்கச் சொல்லவில்லை. நறுக்க ஆசைப்பட்டால் முடியும்படி வைக்கச் சொல்கிறேன். "நீங்க உட்காருங்க, நாங்க பாத்துக்குறோம்" என்பது அன்புதான். அதையே ஒரு நாளில் இருபது முறை கேட்டால், தன்னால் இனி ஒன்றும் ஆகாது என்ற தீர்ப்பாக அவர் காதில் விழும். அவரிடமே கேளுங்கள்: எந்த வேலையை விட்டதில் நிம்மதி, எந்த வேலையை விட்டதில் வருத்தம்? துணி துவைப்பதை விட்டதில் வருத்தப்பட்டவர் யாருமில்லை. சாம்பிராணி போடுவதை, தாளிப்பதை, பேரப்பிள்ளைக்குத் தலை பின்னுவதை விட்டதில் வருத்தப்படுவார்கள். அந்த ஒன்றிரண்டு வேலைக்கு மட்டும் அவர் பலத்தைச் சேமித்துக் கொடுங்கள். குளியலில் உதவி செய்தால் அந்த அரைமணிப் பலம் தாளிப்புக்கு மிஞ்சும்.

வெள்ளிமணி

இப்படிச் சொன்னால் ஒத்துக்கொள்கிறேன். கேட்டுப் பார்க்கச் சொல்கிறேன் தெரிந்தவர்களிடம்.

படிவம் பார்ப்பவர்

பணம். 60 வயதுக்குக் கீழே உடல் இயலாமை உதவித்தொகை வாங்கியவருக்கு 60 ஆனதும் அது முதியோர் உதவித்தொகையாக மாறும். இரண்டும் சேர்ந்து வராது. 75-ஐத் தாண்டினால் மாதம் 20 ராண்ட் கூட. குடியிருக்கும் சொந்த வீட்டைச் சொத்துக் கணக்கில் சேர்ப்பதில்லை. "வீடு இருக்கே, கிடைக்காது" என்று விண்ணப்பிக்காமல் இருப்பவர்கள் இதைப் படியுங்கள். கணவர் இருந்தால் இருவர் வருமானமும் சேர்த்துப் பார்ப்பார்கள்.

பலருக்குத் தெரியாதது, அதற்கு மேல் கிடைக்கும் துணை உதவித்தொகை. இன்னொருவர் முழுநேரமும் பார்த்துக்கொள்ள வேண்டிய நிலையில் உள்ளவருக்கு, முதியோர் உதவித்தொகையோடு கூடச் சேர்த்துத் தருவது. 2025 ஏப்ரலில் அது மாதம் 560 ராண்டாக இருந்தது. அரசு மானியம் பெறும் இல்லத்தில் தங்கியிருந்தால் கிடைக்காது. மூன்று மாதத்துக்குள் எடுத்த மருத்துவ அறிக்கை வேண்டும். விண்ணப்பம் தவறும் இடம் இதுதான்: பரிசோதனையில் அம்மா கௌரவமாக "நானே பாத்துக்குவேன்" என்று சொல்லிவிடுவார், கூடப் போனவரும் தலையாட்டுவார். நோயின் பெயரை மட்டும் எழுதிய அறிக்கைக்கும் பலமில்லை. கழிப்பறைக்கு யார் கூட்டிப்போகிறார், இரவில் எத்தனை முறை திருப்பிப் படுக்க வைக்கிறார்கள், யார் ஊட்டுகிறார் என்று ஒரு வாரம் நேரம் போட்டு எழுதி எடுத்துப் போங்கள்.

உதவித்தொகை அலுவலகத்துக்கு வர முடியாதவருக்காகக் குடும்பத்தாரோ நண்பரோ விண்ணப்பிக்கலாம். அவர் கைப்பட ஒரு கடிதம் அல்லது மருத்துவர் குறிப்பு, ஏன் வர முடியாது என்று. ரசீது இல்லாமல் வெளியே வராதீர்கள். முடிவு வர மூன்று மாதம் வரை ஆகலாம். கிடைத்தால் விண்ணப்பித்த நாளிலிருந்து கணக்கிட்டுத் தருவார்கள். மறுத்தால் 90 நாளுக்குள் மேல்முறையீடு.

இனி அந்த 560 எதற்குக் கட்டும் என்று பாருங்கள். வீட்டு வேலைக்கு வருபவருக்கு 2025 மார்ச்சில் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 28.79 ராண்டாக இருந்தது. அந்தக் கூலியால் 560-ஐ வகுத்தால் மாதத்துக்கு 19 மணி நேரம். முழுநேரக் கவனிப்பு தேவை என்று சான்றிதழ் வாங்கித்தான் இந்தப் பணம் வருகிறது. வருவதோ நாளுக்கு 40 நிமிடத்துக்கும் குறைவான கவனிப்புக்கு. மிச்ச நேரத்தை மகளோ மருமகளோ வேலையை விட்டு நிரப்புகிறார். அவருக்குச் சம்பளமும் இல்லை, விடுப்பும் இல்லை. இதைக் குடும்பக் கூட்டத்தில் பணமாக மாற்றிச் சொல்லுங்கள். மற்றப் பிள்ளைகள் ஆளுக்கு இவ்வளவு என்று பங்கு போட அது உதவும். அம்மாவின் செலவை ஏற்று வருமான வரி கட்டும் பிள்ளை இருந்தால் ஐடிஆர்-டிடி என்ற, இயலாமையை உறுதி செய்யும் வரிப் படிவத்தை மருத்துவரிடம் நிரப்பி வாங்கி, மருத்துவச் செலவுக்கான வரிக்கழிவைக் கேட்கலாம்.

இன்னும் ஒன்று, சொல்லாமல் விட மனமில்லை. கார்டும் ரகசிய எண்ணும் யார் கையில்? அம்மாவின் பணத்தை அவரைக் கேட்காமல் எடுப்பதை 2006-ஆம் ஆண்டு முதியோர் சட்டம் பொருளாதாரக் கொடுமை என்றே சொல்கிறது. முதியவருக்குக் கொடுமை நடக்கிறது என்று சந்தேகம் வந்தவர் சமூக மேம்பாட்டுத் துறைக்கோ போலீசுக்கோ தெரிவிக்க வேண்டும் என்பதும் அதே சட்டம். கார்டைப் பிள்ளை கொண்டுபோனாலும், ரசீதை அம்மா கையில் கொடுத்து, அதிலிருந்து ஒரு தொகையை அவர் இஷ்டத்துக்கு வைத்துக்கொள்ள விடுங்கள். பேத்திக்கு ஐந்து ராண்ட் கொடுக்க முடிகிற ஆயாவும் முடியாத ஆயாவும் ஒன்றல்ல.

திருநீறு

கோயிலைப் பற்றி யாரும் எழுதவில்லையே. ஆடியில் கூழ், பெரிய வெள்ளியன்று இசிபிங்கோ மாரியம்மன் கோயில் விழா, தைப்பூசக் காவடி. ஆண்டுக்கு இந்த மூன்று நாளில்தான் நம் அம்மாக்கள் பழைய தோழிகளைப் பார்ப்பது.

செயற்கைக் கால் போட்டவருக்குச் செருப்பைக் கழற்றச் சொன்னால் ஆபத்து. அந்தக் கால் குறிப்பிட்ட குதிகால் உயரத்துக்கு ஏற்றபடி சரிசெய்யப்பட்டது. வெறுங்காலில் நின்றால் குதிகால் தாழ்ந்து முட்டி பின்னால் தள்ளப்படும், நிலை தவறும். அதே குதி உயரத்தில் கோயிலுக்கென்று ஒரு ஜோடி துணிச் செருப்பு, தெருவில் போடாதது. நிர்வாகத்தாரிடம் ஒரு வாரம் முன்பே சொல்லிவிட்டால் வாசலில் வாக்குவாதம் இருக்காது. நல்ல காலுக்கும் சர்க்கரை இருந்தால் சுடுமணலில் வெறுங்கால் கூடாது. பாலும் எண்ணெயும் சிந்திய தரையில் ஊன்றுகோலின் ரப்பர் நுனி வழுக்கும். ஒரு ஈரத்துணியை நாற்காலிப் பையில் வைத்து, சன்னிதிக்கு முன்னும் பின்னும் நுனியைத் துடையுங்கள். சக்கரத்தையும் அதே துணியால் துடைத்தால் "தெருச் சக்கரம் உள்ளே வருதே" என்ற பேச்சுக்கும் பதில்.

கோயில் கமிட்டிக்காரர்கள் படித்தால்: பந்தியில் ஒரு மேசையை 75 செ.மீ. உயரத்தில், ஓரத்தில் இல்லாமல் எல்லோரும் உட்காரும் இடத்திலேயே போடுங்கள். சக்கர நாற்காலிக்குக் கழிப்பறை இல்லையென்றால் அந்த அம்மா அன்று முழுக்கத் தண்ணீர் குடிக்காமல்தான் வந்திருப்பார்.

சேலை: கொசுவத்தைத் தைத்து, இடுப்பில் ஒட்டுநாடா வைத்தால் ஐந்து நிமிடத்தில் கட்டிவிடலாம். பின்பக்கம் மடிப்பும் முடிச்சும் இருக்கக் கூடாது, உட்காரும் எலும்புக்கு அடியில் அழுத்திப் புண்ணாக்கும். முந்தானையைத் தோளில் குத்தி, நுனியை இடுப்பில் செருக வேண்டும். நாற்காலியின் பக்கத் தடுப்பு இல்லாமல் சேலையில் போகாதீர்கள். சக்கரம் இழுத்தால் ஆளே சாய்ந்துவிடுவார்.

மலைமேடு

புண் பற்றி இரண்டு பேர் தொட்டுவிட்டுப் போனீர்கள். சிவப்பு தெரிந்தால் கவனி என்று துண்டறிக்கைகளில் போட்டிருக்கிறது. நம் தோலில் சிவப்பு எங்கே தெரிகிறது?

இயன்முறைக் கை

சரியான கேள்வி. கருத்த தோலில் சிவப்புக்குக் காத்திருந்தால் தோல் உரிந்த பிறகுதான் தெரியும். புறங்கையால் தொட்டுப் பாருங்கள்: சுற்றியுள்ள இடத்தைவிடச் சூடா, குளிர்ச்சியா? விரலால் அழுத்தினால் கல் மாதிரி இறுகியிருக்கிறதா, கொழகொழவென்றிருக்கிறதா? நிறம் ஊதாவாகவோ இன்னும் கருப்பாகவோ மாறியிருக்கிறதா? வலி, அரிப்பு சொல்கிறாரா? இதில் ஒன்று இருந்தாலும் அந்த இடத்தில் எடை போகக் கூடாது. தேய்த்துவிடவும் கூடாது, தைலம் போட்டு அழுத்தித் தேய்ப்பது உள்ளே சிதைந்த திசுவை இன்னும் சிதைக்கும். வால் எலும்பு, இடுப்பின் இரு பக்கம், குதிகால், காதுமடல்.

படுக்கையில் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை திருப்புங்கள், முழுப் பக்கவாட்டில் இல்லை, 30 டிகிரி சாய்வில் முதுகுக்குப் பின்னால் தலையணை. கெண்டைக்காலுக்கு அடியில் தலையணை வைத்துக் குதிகாலைக் காற்றில் விடுங்கள். கால் எடுத்தவருக்கு முட்டியடியில் வைக்காதே என்று சக்கரம் அண்ணா சொன்னது வேறு, குழப்பிக்கொள்ளாதீர்கள். நாற்காலியில் 15 முதல் 30 நிமிடத்துக்கு ஒரு முறை முன்னால் குனிந்தோ பக்கத்தில் சாய்ந்தோ எடையை எடுக்க வேண்டும். நடுவில் ஓட்டை உள்ள வளைய மெத்தை வேண்டவே வேண்டாம், சுற்றியுள்ள ரத்த ஓட்டத்தை நெரிக்கும். மெத்தை போதுமா என்று பார்க்க, அவர் உட்கார்ந்திருக்கும்போது மெத்தைக்கு அடியில் உள்ளங்கையை நுழையுங்கள். எலும்பு கையில் தட்டுப்பட்டால் மெத்தை செத்துவிட்டது.

காற்று மெத்தை வைத்திருப்பவர்கள் மின்வெட்டு நேரத்தில் அது இறங்கிவிடும் என்பதை மறக்காதீர்கள். குழாயைக் கழற்றி மூடும் மூடி பெட்டியில் இருந்தால், தேடி எடுத்து மெத்தையில் கட்டி வையுங்கள்.

வெள்ளிமணி

கைப்பிடி மாட்டப் போகிறோம் பக்கத்து வீட்டில். டைல் உடைந்துவிடும் என்று பயப்படுகிறார்கள். உள்ளே ஓட்டைக் கல் சுவர். எப்படி?

தச்சுப்பட்டறை

முதலில் அந்த அம்மாவைக் கழிப்பறையில் உட்கார வைத்து, எழுவதுபோல் கையை நீட்டச் சொல்லுங்கள். கை இயல்பாகப் போய் நிற்கும் இடத்தில் பென்சில் குறி. பெரும்பாலும் உட்காரும் இடத்திலிருந்து 20 முதல் 25 செ.மீ. மேலே, உடம்புக்குக் கொஞ்சம் முன்னால் வரும்.

தண்ணீர்க் குழாய்க்கும் தண்ணீர்த் தொட்டிக்கும் நேர் மேலே, நேர் பக்கத்தில் துளைக்காதீர்கள், உள்ளே பைப் ஓடும். குறியிட்ட இடத்தில் காகித நாடா ஒட்டி, டைலுக்கான முனையோடு, சுத்தியல் இயக்கத்தை அணைத்து மெதுவாகத் துளையுங்கள். டைல் தாண்டியதும் முனையை மாற்றிக் கல்லுக்கான முனை. ஓட்டைக் கல் என்பதால் அங்கேயும் சுத்தியல் வேண்டாம், உள்பக்கம் பிய்ந்துவிடும். துளைக்குள் வலைக்குழாய் செருகி, அதில் பசை ஆங்கர் (திருகைச் சுவரோடு இறுகப் பிடிக்கும் பசை) நிரப்பி, திருகுத் தண்டை விட்டு, பெட்டியில் போட்ட நேரம் முழுக்கக் காயவிட வேண்டும். மாட்டும் அன்றே பிடித்து இழுத்துப் பார்ப்பதால்தான் பாதிக் கைப்பிடிகள் ஆடுகின்றன. தட்டுக்குப் பின்னால் சிலிக்கோன், இல்லையென்றால் ஈரம் இறங்கித் திருகு துருப்பிடிக்கும். மறுநாள் வீட்டிலேயே கனமான ஆள் இரண்டு கையாலும் தொங்கிப் பார்க்கட்டும். பிறகு அம்மாவைப் பிடிக்கச் சொல்லுங்கள். சுவர் எந்தப் பக்கம் என்று எழுதுங்கள், அவருக்கு நல்ல கை எது என்றும்.

வெள்ளிமணி

உட்கார்ந்தால் சுவர் இடப்பக்கம். நல்ல கை வலது.

தச்சுப்பட்டறை

அப்படியானால் சுவரில் மாட்டாதீர்கள், அது பயன்படாது. வலப்பக்கம் தரையில் ஊன்றி, பின்சுவரில் பிடிக்கும் மடக்குக் கைப்பிடி வாங்குங்கள். ஊன்றுகால் இல்லாத மாதிரி ஓட்டைக் கல்லில் தாங்காது. பின்சுவரிலிருந்து பீங்கானின் முன்விளிம்புவரை அளந்து, கைப்பிடி அதைவிட 10 செ.மீ. முன்னால் வருகிறதா என்று கடையில் பார்த்துக்கொள்ளுங்கள்.